வாசகர் கேள்வி – பதில்: பழைய தொலைபேசியும் ஈ1 ட்ரங்கும்

கேள்வி: எங்கள் ஆலையில் 30 சாதாரணத் தொலைபேசிகள் சற்றுத் தள்ளியுள்ள புதிய கட்டடத்துக்கு மாறுகின்றன, அவற்றை இணைக்கும் உள் எக்ஸ்சேஞ்சான இ.பி.ஏ.பி.எக்ஸ். பழைய கட்டடத்திலேயே இருக்கும். முப்பது ஜோடிக் கம்பி இழுக்காமல், ஃபைபர் வழியே பல பேச்சுகளை ஒன்றாகச் சுமக்கும் ஒரே ஈ1 ட்ரங்கில் (டிஜிட்டல் இணைப்பில்) கொண்டுபோய், சேனல் பேங்க் என்ற பெட்டி வைத்துப் பிரித்துவிடலாம் என்கிறார்கள். அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? – வாசகர், ஈரோடு

பதில்: சாதாரணத் தொலைபேசிக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. பேசுவதற்கான 48 வோல்ட் மின்சாரம், மணி அடிக்க 25 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 75 வோல்ட் மாறுதிசை மின்சாரம், டயல் டோன் எல்லாமே எதிர்முனையிலிருந்து வர வேண்டும். ஈ1 ட்ரங்கிலோ வெறும் பிட்டுகள்தாம் ஓடுகின்றன. ஆகவே மின்சாரத்தையும் மணியையும் போன் பக்கத்துச் சேனல் பேங்கில் உள்ள, போனைச் செருகும் எஃப்.எக்ஸ்.எஸ். கார்டு தானே உண்டாக்கித் தருகிறது.

குரலை எண்ணாக்குவது இதில் சுலபமான பகுதி. விநாடிக்கு 8,000 முறை குரலின் அளவை எடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக எழுதினால் ஒரு குரலுக்கு 64 கிலோபிட் ஆகிறது. அத்தகைய 32 டைம்ஸ்லாட்டுகள் (முறை வைத்து ஒதுக்கிய நேரத் துண்டுகள்) சேர்ந்ததே 2.048 மெகாபிட் ஈ1. அவற்றில் 0ஆம் ஸ்லாட் ஃப்ரேமின் (32 ஸ்லாட்டுகளும் ஒருமுறை வரும் தொகுப்பின்) தொடக்கத்தை அடையாளம் காட்டவும், 16ஆம் ஸ்லாட் சிக்னலிங்குக்கும் (போன் எடுத்தது, மணி அடிப்பது போன்ற தகவல்களுக்கும்) போய்விடுவதால் பேச்சுக்கு 30 மிஞ்சுகின்றன. உங்கள் 30 போன்களுக்கு அது சரியாக இருக்கும். 31ஆவது போன் கேட்டு யாராவது வந்தால்தான் சங்கடம்.

சிக்கல் வருவதெல்லாம் சிக்னலிங்கில்தான். ஒருவர் ரிசீவரை எடுத்ததும் இரு கம்பிகளுக்கிடையே சுற்று மூடி மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. கார்டு அதைக் கண்டுகொண்டு, 16ஆம் ஸ்லாட்டில் அந்தச் சேனலுக்கென ஒதுக்கப்பட்ட 4 பிட்டுகளை அதற்கேற்ப மாற்றுகிறது. ஒரு ஃப்ரேமில் இரண்டு சேனல்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்பதால், முப்பதும் ஒரு சுற்று வர, சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் ஒன்றையும் சேர்த்து 16 ஃப்ரேம்கள், அதாவது 2 மில்லி விநாடி, ஆகின்றன. எந்தப் பிட் எதைக் குறிக்கிறது என்பதில் இரு முனைகளும் ஒத்துப்போகாவிட்டால், குரல் போக வழி இருந்தும் மணி மட்டும் அடிக்காது.

பழைய கட்டடத்தில் உங்கள் இ.பி.ஏ.பி.எக்ஸில் பொருத்தமான ஈ1 கார்டு இருந்தால் நேரடியாகச் செருகலாம். இல்லையென்றால் அங்கும் ஒரு சேனல் பேங்க் வேண்டும், அதில் எஃப்.எக்ஸ்.ஓ. கார்டுகள் இருக்க வேண்டும். ஏனெனில் அந்த முனையில் மின்சாரம் தருவது இ.பி.ஏ.பி.எக்ஸ்.; பெட்டி ஒரு போனைப்போல் நடிக்கிறது. அங்கும் எஃப்.எக்ஸ்.எஸ். கார்டையே போட்டு, இரண்டு மின்சாரங்களை நேருக்கு நேர் மோதவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்கச் சந்தைக்கான டி1 பெட்டியை வாங்கிவிடாதீர்கள். 1962இல் பெல் நிறுவனம் அங்கே தொடங்கிவைத்த அந்த முறையில் 24 சேனல்கள், 1.544 மெகாபிட், குரலைச் சுருக்கும் விதியும் அங்கே மியூ-லா, நமக்கு ஏ-லா.

கேள்வி: தொலைபேசி நிறுவனம் தந்த பி.ஆர்.ஐ. என்ற 30 சேனல் டிஜிட்டல் இணைப்பைச் சேனல் பேங்கில் நேரடியாகச் செருகினால் போதாதா? – வாசகர், திருச்சி

பதில்: போதாது. வேகமும் கம்பியும் அதே ஈ1தான் என்றாலும், பி.ஆர்.ஐ.யின் 16ஆம் ஸ்லாட்டில் 4 பிட் அடையாளங்களுக்குப் பதிலாக, அழைத்தவர் எண், அழைக்கப்பட்ட எண் முதலிய விவரங்கள் அடங்கிய முழுச் செய்திகள் போகின்றன. சாதாரணச் சேனல் பேங்குக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. பி.ஆர்.ஐ. கார்டு உள்ள இ.பி.ஏ.பி.எக்ஸ். அல்லது கேட்வே (ஒரு சிக்னலிங் முறையை இன்னொன்றாக மாற்றித் தரும் பெட்டி) இடையில் வேண்டும்.

கேள்வி: சேனல் பேங்க் வைத்தபின் பேச்சில் அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம், ஃபேக்ஸோ பாதியில் நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றியும் தீரவில்லை. – வாசகர், மதுரை

பதில்: கேபிளை விட்டுவிட்டு, பிட்டுகளின் வேகத்தை நிர்ணயிக்கும் கிளாக் அமைப்பைப் பாருங்கள். ஓர் அலுவலகத்தில் இதே கோளாறுக்காக இரண்டு நாள் கனெக்டர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் இரு முனைகளும் தத்தம் சொந்தக் கிளாக்கில் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு கிளாக்குகளுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே, ஏறக்குறைய இரண்டரை விநாடிக்கு ஒருமுறை ஒரு முழு ஃப்ரேம் தொலையும் அல்லது இரட்டிக்கும். காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஃபேக்ஸ் மோடம் பொறுக்காது. பி.ஆர்.ஐ. வரும் பக்கத்தை முதன்மையாக வைத்து, இ.பி.ஏ.பி.எக்ஸ். அதிலிருந்தும், சேனல் பேங்க் இ.பி.ஏ.பி.எக்ஸிலிருந்தும் கிளாக்கை எடுக்கும்படி அமையுங்கள். பிறகு இப்படித் தவறும் ஃப்ரேம்களை எண்ணும் ஸ்லிப் கவுண்டரைச் சுழியமாக்கிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அது நகராமல் இருந்தால் ஃபேக்ஸும் போகும்.