ராட்சத ரோபோக்களை வைத்து ஆடும் ‘பேட்டில்டெக்’ விளையாட்டின் நிறைகளும் குறைகளும் எவை?

2018 ஏப்ரலில் கணினிக்கு வெளிவந்த பேட்டில்டெக்கைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் கதைப் பகுதியை ஒரு முறை முழுதாக முடித்தவன், அதன்பின் கதையில்லாத கூலிப்படை ஆட்டத்தையும் கணிசமான தூரம் ஆடியவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். 1984இல் பிறந்த மேசை விளையாட்டு ஒன்றே இதற்கு மூலம். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜோர்டன் வைஸ்மனே இந்தக் கணினி வடிவத்திற்கும் தலைமை தாங்கினார். கதை நடப்பது 3025ஆம் ஆண்டில். ஒரு கூலிப்படையின் தலைவராக நீங்கள் ஒப்பந்தங்களைப் பேசி முடித்து, ‘மெக்’ எனப்படும் ராட்சத ரோபோக்கள் நான்கைக் களத்தில் இறக்கி, முறை வைத்துச் சண்டையிட வேண்டும், மாதக் கடைசியில் சம்பளமும் பராமரிப்புச் செலவும் கொடுத்தாக வேண்டும்.

இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் ஒரு ரோபோவின் உயிர் என்பது ஒற்றை எண்தான். அது பூச்சியத்தைத் தொடும்வரை ரோபோ முழு பலத்துடன் சுட்டுக்கொண்டே இருக்கும். பேட்டில்டெக்கில் தலை, நடு மார்பு, இரு பக்க மார்புகள், கைகள், கால்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கவசமும், அதற்கடியில் எலும்புக்கூடும் உண்டு. கை போனால் அதிலிருந்த பீரங்கியும் போகும். பக்க மார்பு போனால் அந்தப் பக்கத்துக் கையும் சேர்ந்து போகும். அடிபட்ட இடத்தில் வெடிமருந்து இருந்தால் உள்ளிருந்தே வெடிக்கவும் கூடும். ஆகவே எதிரி சாவதற்கு முன்பே முடமாகிறான், நாமும் அப்படியே ஆகிறோம்.

இந்தச் சேதக் கணக்கு களத்தோடு நிற்காமல் கல்லாப்பெட்டி வரை வருவதுதான் இவ்விளையாட்டின் மிகப் பெரிய பலம் என்பேன். எதிரி மெக்கின் நடு மார்பைத் துளைத்து வீழ்த்தினால் அதன் மிச்சத்தில் ஒரு பாகம்தான் தேறும். இரு கால்களையும் முறித்தால் இரண்டு. மெக்கைக் கெடுக்காமல் பைலட்டை மட்டும் கொன்றால் மூன்று. மூன்று பாகங்கள் சேர்ந்தால் ஒரு முழு மெக் உங்களுக்குச் சொந்தம். ஒருமுறை ஓரியன் என்ற 75 டன் மெக் ஒன்றின் ஒரு காலை முறித்து, மறு காலின் கவசத்தையும் உரித்துவிட்ட நிலையில், பொறுமையிழந்து ஏவுகணைக் கொத்து ஒன்றை ஏவினேன். பத்துக்கு மேற்பட்ட ஏவுகணைகளும் மேலெல்லாம் சிதறி விழ, ஏற்கெனவே நைந்திருந்த நடு மார்பு பிளந்துவிட்டது. சண்டையில் வென்றேன், ஆனால் இரண்டுக்குப் பதில் ஒரு பாகமே கிடைத்தது. அந்த ஓரியன் கடைசிவரை எனக்கு முழு மெக்காகச் சேரவே இல்லை. வென்ற பின்னும் வயிற்றெரிச்சலோடு உட்கார வைக்கும் விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நகரும் வரிசையும் நுட்பமானது. ஒரு சுற்று ஐந்து கட்டங்களாகப் பிரிகிறது. இலகு மெக்குகள் முந்தியும் மிகக் கனமானவை கடைசியிலும் நகரும், ஆனால் முந்தி நகரக்கூடியது தன் முறையைத் தள்ளிப்போடவும் செய்யலாம். ஜென்னர் என்ற 35 டன் இலகு மெக்கைக் கடைசிக் கட்டம்வரை காக்க வைத்து, எதிரியின் மெல்லிய முதுகுக் கவசத்தைச் சுட்டுவிட்டு, அடுத்த சுற்றில் அவன் திரும்புவதற்குள் மீண்டும் சுட்டோ ஓடியோ தப்பிக்கலாம். ஆயுதங்கள் கக்கும் வெப்பமும் இதோடு சேரும்: பனிக் கோளில் தாராளமாகச் சுட்ட அதே மெக், காற்றே இல்லாத நிலவில் இரண்டு சுற்றுகளில் கொதித்துப்போகும்.

குறைகளும் இதே இடத்தில்தான் வேர் கொள்கின்றன. களத்தில் இறக்கும் மொத்த எடைக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வரம்பில்லை, எண்ணிக்கை மட்டும் நான்கோடு நிற்கிறது. எனவே கையில் அட்லஸ் என்ற 100 டன் மெக் வந்த பிறகு ஜென்னருக்கு ஓரிடம் ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை. நான் மேலே வியந்த முதுகுத் தாக்குதல் உத்தி, ஆட்டத்தின் பிற்பாதியில் எனக்கு ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை; நான்கு மலைகளை மெதுவாக நகர்த்தி, ஒரே எதிரியின் மேல் எல்லோருமாகச் சுடுவதே போதுமானதாகிவிடுகிறது. ஒப்பந்தங்களும் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வருவதால், எதிரிக்குத் துணைப்படை எப்போது வரும் என்று பத்தாவது முறை நாமே சொல்லிவிடலாம்.

வேகம் இன்னொரு சங்கடம். ஒவ்வொரு நடைக்கும் சூட்டுக்கும் கேமரா அருகே சென்று நின்று நிதானமாகத் திரும்புகிறது. முதல் வாரம் கம்பீரமாகத் தெரிந்தது பிறகு கொட்டாவியை வரவழைக்கிறது. பின்னால் வந்த மேம்படுத்தலில் இதை விரைவுபடுத்தும் வசதி சேர்ந்துவிட்டதால், அமைப்புகளில் முதலில் அதைத் தேடி மாற்றிவிடுங்கள். பாத்திரமேற்கும் அம்சத்தைப் பொறுத்தவரை பைலட்டுகளுக்கு நான்கு திறன்களும் சில சிறப்பு ஆற்றல்களும் உண்டு, இறந்தால் திரும்ப வரமாட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குள் உறவோ உரையாடலோ வளர்வதை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

வாங்குவதாக இருந்தால் மூன்று கூடுதல் தொகுப்புகளில் ஃபிளாஷ்பாயின்ட்டை மட்டுமாவது சேர்த்து வாங்குங்கள். அதில் வரும் தொடர் ஒப்பந்தங்கள் சிலவற்றில் இரு சண்டைகளுக்கு இடையே பழுதுபார்க்க நேரம் தரமாட்டார்கள். முதல் சண்டையில் கையிழந்த அட்லஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு, தூசு படிந்து கிடந்த நடுத்தர மெக்குகளை மறுபடி களத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும்.