பழைய கோட்டைத் தூக்கிப் போடச் சொல்பவருக்கு எத்தனை சதவீதம்?

கேள்வி: மூன்று வருடங்களாக ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பத்துப் பன்னிரண்டு புதுத் துணி வாங்கிவிடுகிறேன். புதுத் தோற்றம் வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் அடுத்த வருடம் அலமாரியைத் திறந்தால் உடுத்த ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இந்த முறை இணையத்தில் ஓர் உடை ஆலோசகருக்குப் பணம் கட்டி, அவர் கேட்டபடி புகைப்படம் அனுப்பினேன். நான் ‘இலையுதிர் கால நிறத்தவள்’, கறுப்பும் சாம்பலும் எனக்கு ஆகாது என்று சொல்லி, துரு நிறம், கடுகு மஞ்சள், பாசிப் பச்சை என 14 உருப்படிகளின் பட்டியலை வாங்கும் இணைப்புகளோடு அனுப்பியிருக்கிறார். ஆறு வருடமாகப் போடும் என் கறுப்புக் கம்பளிக் கோட்டையும் கழித்துவிடச் சொல்கிறார். கை ஓரம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது. அவர் சொல்வதைக் கேட்பதா?

பதில்:

கேட்க வேண்டாம். கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலை மடித்து ஓரமாகப் போடுங்கள். இந்தப் பருவத்துக்கு இரண்டே இரண்டு பொருள் வாங்கினால் போதும். ஒன்று, ஸ்கார்ஃப். இன்னொன்று எது என்பதை நீங்களே ஒரு மாதம் கழித்துச் சொல்வீர்கள். இன்றைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த ஆலோசகருக்கு நிச்சயமாகத் தெரியாது.

முதலில் இந்த நிற விவகாரம். ஆட்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்காகப் பிரிக்கும் வழக்கம் 1980களில் பரவியது. முழுக்கப் புரட்டு என்று சொல்ல மாட்டேன். சில நிறங்கள் முகத்துக்கு அருகில் வந்தால் முகம் தெளிந்து தெரியும், சில நிறங்களில் கண்ணுக்குக் கீழே கருமை கூடித் தெரியும். ஆனால் அதை நேரில், பகல் வெளிச்சத்தில், துணியைத் தோளில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கைபேசிக் கேமரா விளக்கொளிக்குத் தக்கபடி நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இன்றிரவு மஞ்சள் விளக்கின் கீழ் ஒரு படம் எடுங்கள், காலையில் ஜன்னலோரம் ஒன்று எடுங்கள். அக்காள் தங்கை போல இரண்டு பேர் தெரிவார்கள். இதில் எந்தப் பெண்ணைப் பார்த்து அவர் ‘இலையுதிர்’ என்றார்?

அப்படியே அவர் சொன்னது சரி என்று வைத்துக்கொண்டாலும், கணக்கில் வருவது கழுத்துக்கு மேலே முகத்தைத் தொட்டாற்போல் இருக்கும் நிறம் மட்டுமே. முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட் உங்கள் முகத்தை ஒன்றும் செய்யாது. கோட்டின் காலருக்கும் முகத்துக்கும் நடுவே துரு நிறத்திலோ கடுகு மஞ்சளிலோ ஒரு ஸ்கார்ஃப் வந்தால் அவருடைய கோட்பாடும் காப்பாற்றப்பட்டது, உங்கள் பணமும் காப்பாற்றப்பட்டது. ஸ்கார்ஃபை எடுக்கும்போது கடை வாசல் வரை கொண்டுபோய் இயற்கை வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் தெருவில் வேறு வேறாகிவிடும்.

இனி அந்தப் பட்டியல். அவர் அனுப்பிய இணைப்புகளில் ஒன்றைத் தொட்டு, முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். பொருளின் பெயருக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி, அதன் பின் நீளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வால் இருந்தால், அது யார் அனுப்பி வைத்த வாடிக்கையாளர் என்று கடைக்குச் சொல்லும் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் வாங்கும் விலையில் ஒரு பங்கு அவருக்குப் போகும். கமிஷன் வாங்குவது குற்றமில்லை, எத்தனையோ பேர் சொல்லிவிட்டே வாங்குகிறார்கள். ஆனால் உங்களிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, கடையிடம் கமிஷனும் வாங்கிக்கொண்டு, இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஆளுக்குப் பெயர் தரகர். பத்தாண்டு போகக்கூடிய கோட்டை அவர் ஏன் கழிக்கச் சொல்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். இருக்கிற கோட்டுக்கு யாரும் கமிஷன் தருவதில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: “என்னிடம் ஏற்கெனவே இருப்பதை வைத்தே பத்து விதமாக உடுத்த வழி சொல்லுங்கள், எதையும் வாங்கப் போவதில்லை” என்று எழுதுங்கள். உண்மையான ஆலோசகர் இந்த வேலையில் சந்தோஷப்படுவார், இதுதான் அவர் தொழில். மற்றவர் இரண்டு நாள் கழித்து ஓர் இணைப்போடு வருவார்.

கோட்டைக் கழிக்கத்தான் வேண்டும் என்ற நிலையும் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இதில் ஏமாந்து என் தையல் மேஜை முன்னால் வந்து நிற்பவர்கள் அதிகம். கோட் என்றால் வெளித்துணி, உள்ளே லைனிங் என்று இரண்டு அடுக்குதான் கண்ணுக்குத் தெரியும். நெஞ்சுப் பகுதியில் இடையே மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. கோட் தொய்யாமல் நிமிர்ந்து நிற்பது அதனால்தான். பழைய முறையில் அது கேன்வாஸ்: குதிரை மயிரும் கம்பளி, பருத்தி நூலும் சேர்த்து நெய்த விறைப்பான துணி. வெளித்துணியோடு தளர்வான ஊசித் தையலால் பிடித்திருக்கும். இன்று வருகிற பெரும்பாலான கோட்டுகளில் அதற்குப் பதிலாக ஒரு பக்கம் பசையிட்ட துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். ஃப்யூசிங் என்போம். ஃப்யூசிங் என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. பசையும் சூடும் அழுத்தமும் சரியாக அமைந்தால் அது பாட்டுக்குப் பல வருடம் கிடக்கும். சரியாக அமையாவிட்டால், மழையில் நனைந்தும் ட்ரை கிளீனிங் போய் வந்தும் பசை அங்கங்கே விட்டுவிடும். நெஞ்சிலும் காலர் மடிப்பிலும் தோல் கொப்பளித்த மாதிரி சின்னச் சின்ன மேடுகள் கிளம்பும்.

இதற்கு வைத்தியம் இல்லை. நீராவி இஸ்திரி போட்டால் அமுங்கும், இரண்டு தடவை உடுத்தியதும் மறுபடி எழும்பும். ‘சரி செய்து தருகிறேன்’ என்று பணம் வாங்குகிறவர்கள் அந்த இஸ்திரியைத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த அடுக்கைப் பிரித்து மாற்ற ஆகும் கூலியில் புதுக் கோட்டே எடுத்துவிடலாம். ஆகவே உங்கள் கோட்டைப் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகத் தூக்கிப் பிடித்து நெஞ்சுப் பகுதியைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள். கொப்புளம் இல்லையென்றால் ஆறு வருடம் தாக்குப்பிடித்த பசை அது, கவலையே வேண்டாம். உள்ளே இருப்பது கேன்வாஸா என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், நெஞ்சுப் பகுதியில் வெளித்துணியை ஒரு கையாலும் உள்பக்கத்தை மறு கையாலும் கிள்ளிப் பிடித்து மெதுவாக விலக்குங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியே நழுவுவது விரலுக்குத் தட்டுப்பட்டால் கேன்வாஸ். அப்படியானால் அந்தக் கோட்டை என்னிடம் யாராவது கழிக்கச் சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

சரி, ‘உடுத்த ஒன்றுமில்லை’ என்ற உங்கள் குறை. வாங்கிய முப்பது உருப்படியில் மேலே போடுவது எத்தனை, கீழே போடுவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என்னிடம் அலமாரிக் கணக்கோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருபது ஸ்வெட்டர், இரண்டு பேன்ட். ஸ்வெட்டர் மடித்து வைத்திருக்கும்போது அழகாகத் தெரியும், போட்டுப் பார்க்காமலே எடுத்துவிடலாம். பேன்ட் அப்படி இல்லை, அறைக்குள் போய்க் கழற்றி மாட்ட வேண்டும். அந்தச் சோம்பலில்தான் கடைகள் பிழைக்கின்றன. ஆனால் ஒருவரின் தோற்றம் பழசா புதுசா என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட வடிவம்: பேன்ட்டின் கால் அகலம், அது செருப்பின் மேல் எங்கே வந்து நிற்கிறது, மேலாடையின் நீளம், தோள். நிறத்தை மட்டும் வருடா வருடம் மாற்றி, வடிவத்தை மூன்று வருடம் முந்தையதாகவே வைத்திருந்தால் எத்தனை வாங்கினாலும் கண்ணாடியில் பழைய ஆள்தான் நிற்பார்.

வடிவத்தைப் பாதி வேளை தையல்காரரே மாற்றித் தந்துவிடுவார். அகலமான காலைக் குறுக்கலாம். குறுகலான காலை அகலமாக்க முடியாது, உள்ளே துணி இருக்காது. நீளத்தைக் குறைக்கலாம். இடுப்பைப் பிடிக்கலாம், உள்ளே துணி விட்டிருந்தால் கொஞ்சம் விடவும் செய்யலாம். தோளில் மட்டும் கை வைக்கச் சொல்லாதீர்கள். கடையில் வாங்கும்போதும் இதே கணக்குத்தான்: தோள் சரியாக உட்கார்ந்தால் எடுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த இரண்டாவது பொருள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதத்தை ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்குக் காலையில் உடுத்தும்போது, ‘இதற்கு இன்னது இருந்திருந்தால் போட்டிருப்பேன்’ என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் அதை எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே சொல் நாலைந்து தடவை வந்திருக்கும். அநேகமாக அது பட்டியலில் உள்ள 14-ல் ஒன்றாக இருக்காது. ஒரு பெண்மணியின் காகிதத்தில் ஆறு தடவை வந்த சொல் ‘பழுப்பு பெல்ட்’. வாங்கினார், அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு எதுவும் வாங்கவில்லை.

அதை வாங்கப் போகும்போது சில வலைகள் விரித்து வைத்திருப்பார்கள். முன்பக்க அட்டையில் ‘கேஷ்மீர் கலந்தது’ என்று பெரிதாக இருக்கும். கேஷ்மீர் என்பது ஒரு வகை ஆட்டின் மெல்லிய, விலை உயர்ந்த ரோமம். உள்ளே இடுப்புத் தையலில் தைத்திருக்கும் சின்னத் துண்டைத் திருப்புங்கள், கேஷ்மீர் 5 சதவீதம், மீதி அக்ரிலிக்கும் நைலானும் என்று எறும்பு எழுத்தில் இருக்கும். இழை விகிதத்தை எழுத வேண்டும் என்று பல நாடுகள் சட்டம் போட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. ஆனாலும் அதைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டியது நீங்கள்தான்.

கையில் எடுத்ததும் பஞ்சு போல மெத்தென்று இருக்கும் ஸ்வெட்டரையும் நம்பாதீர்கள். அந்த மென்மை பெரும்பாலும் குட்டை இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வருவது. அவைதான் இரண்டே வாரத்தில் அக்குளிலும் பை உரசும் இடத்திலும் உருண்டை உருண்டையாகத் திரளும். கீழ்ப் பட்டையை இழுத்து விடுங்கள், படக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பேன்ட் துணியில் ‘சூப்பர் 150’ என்று ஓர் எண்ணைக் காட்டி விற்பார்கள். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்கிறது: சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) மேல் போகக் கூடாது, 150 என்றால் 16.25. எண் ஏற ஏறத் துணி வழவழப்பாகும், விலை ஏறும், சீக்கிரம் தேயும். தினம் போடுவதற்கு 100, 110 தாராளம். இதை விற்பவர் சொல்ல மாட்டார்.

அளவு எண்ணையும் நம்பாதீர்கள். உடல் அளவைச் சென்டிமீட்டரில் எழுதும்படி ஐரோப்பாவில் ஈஎன் 13402 என்று ஒரு தரமே வகுத்து வைத்திருக்கிறார்கள். கட்டாயம் இல்லை என்பதால் அது பாட்டுக்கு ஏட்டில் கிடக்கிறது. ஒரு கடையின் நடுத்தர அளவு இன்னொரு கடையில் சிறியது. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, தோளுக்குத் தோள், அக்குளுக்கு அக்குள், கை நீளம் மூன்றையும் நாடாவால் அளந்து கைபேசியில் குறித்து வையுங்கள். இணையத்தில் வாங்கும்போது அந்த மூன்று எண்ணோடு மட்டும் பேசுங்கள்.

இன்னொன்று, அவசரப்படாதீர்கள். வரப்போகும் இலையுதிர் காலத்தின் உடைகளை நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் மேடைகளில் அதற்கு முந்தைய பிப்ரவரி, மார்ச்சிலேயே காட்டிவிடுகிறார்கள். வியர்த்து வடியும் ஆகஸ்டில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கம்பளிக் கோட் தொங்கும். நிஜமாகவே குளிர் வரும் வேளையில் உங்கள் அளவு தீர்ந்திருக்கும், கடைக்காரர் அடுத்த பருவத்துக்கு இடம் ஒழித்துக்கொண்டிருப்பார். வானிலையோடு சம்பந்தமே இல்லாத இந்த நாட்காட்டியை யார் கேட்டார்கள் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. கோட் போன்ற பெரிய பொருளைக் குளிர் முடியும் தறுவாயில், தள்ளுபடியில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

உங்கள் கோட்டின் கை ஓரத்துக்கு வருகிறேன். தையல்காரரிடம் வெறுமனே ‘சரி பண்ணுங்கள்’ என்று கொடுத்தால் வெட்டிக் குட்டையாக்கிவிடுவார். “தேய்ந்த விளிம்பு உள்ளே போகிற அளவுக்கு மட்டும் மடித்துத் தையுங்கள், லைனிங்கையும் அதற்கேற்பத் தூக்கிப் பிடியுங்கள்” என்று சொல்லுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் போகாது. கை ஏற்கெனவே மணிக்கட்டோடு நிற்கிறது என்றால் மடிக்க வேண்டாம். விளிம்பின் மேல் கறுப்பு நாடாவோ மெல்லிய தோலோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள், இரண்டு கைக்கும் சேர்த்து. கொடுப்பதற்கு முன் பாக்கெட்டின் உள்துணியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆறு வருடக் கோட்டில் அதுவும் ஓட்டையாகியிருக்கும், ஒரே நடையில் முடிந்துவிடும்.