புது சர்வருக்கு பயாஸ் செட்டப்பில் எதை மாற்ற வேண்டும்? எல்லாவற்றையும் டீஃபால்ட்டாகவே விட்டுவிடலாமா?

பயாஸ் செட்டப் என்பது ஓஎஸ் எழுவதற்கு முன்பு வன்பொருளின் அமைப்புகளைப் பார்த்து மாற்றும் திரை. அதில் பெரும்பாலானவற்றை டீஃபால்ட்டாக விடலாம். ஆனால் என்ன டீஃபால்ட் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, போனில் படம் எடுத்து வைத்துவிட்டு விடுங்கள். சர்வர் ஓடுகிற வரைக்கும் அந்தப் படங்களுக்கு வேலை இருக்காது. மதர்போர்டு போகிற அன்றைக்கு அதைத் தவிர வேறு எதுவும் உதவாது.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அலுவலகத்தில் ஐடி வேலைக்கு நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். பெட்டி வந்து இறங்கியிருக்கும். முதலாளி "எப்போ ஓடும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். விற்றவர் "ஆன் பண்ணி விண்டோஸ் போட்டா போதும் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவசரப்படாதீர்கள். ஓஎஸ் போடுவதற்கு முன்பு முடிவு செய்ய வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. போட்ட பிறகு அவற்றில் கை வைத்தால் சர்வர் எழுந்திருக்காது.

செட்டப்புக்குள் போக டெல் பவர்எட்ஜில் எஃப்2, எச்பிஇ புரோலையன்டில் எஃப்9, லெனோவா திங்க்சிஸ்டமில் எஃப்1, சூப்பர்மைக்ரோ போர்டு என்றால் டெலிட் பொத்தான். லோகோ தெரிந்ததும் அழுத்துங்கள். சர்வர் வீட்டு கம்ப்யூட்டர் மாதிரி உடனே எழுந்துவிடாது. மெமரி முழுவதையும் சரிபார்த்து முடிக்கச் சில நிமிடம் ஆகும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கலாம், ஃபேன்கள் முழு வேகத்தில் சத்தம் போடும். கெட்டுப்போய்விட்டது என்று பவரை அணைத்துவிடாதீர்கள்.

உள்ளே போனதும் முதலில் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் தெரிகிறதா என்று பாருங்கள். 64 ஜிபி வாங்கியிருந்தால் 64 காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் ஒரு மெமரி சரியாக உட்காரவில்லை, அல்லது மெமரி மோட் மிரர் என்று இருக்கிறது. மிரரில் பாதி மெமரி நகலுக்குப் போய்விடும். எந்த ஸ்லாட்டில் எது போட வேண்டும் என்று மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் படத்திலேயே இருக்கும்.

அடுத்து பூட் மோட். சர்வர் ஓஎஸை எழுப்பும் முறை அது. யூஇஎஃப்ஐ என்ற புது முறை, பயாஸ் என்றே பெயருள்ள பழைய முறை என்று பெரும்பாலும் இரண்டு இருக்கும். புது சர்வருக்கு யூஇஎஃப்ஐதான், யோசிக்கவே வேண்டாம். பழைய முறையில் எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய வகை) பார்ட்டிஷன் போட்டால் பூட் டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு மேல் இருக்கும் இடம் வீண். எந்த மோடில் வைத்து ஓஎஸ் போடுகிறீர்களோ அதே மோடில்தான் அது பூட் ஆகும். அதனால் போட்ட பிறகு இந்த வரியைத் தொடாதீர்கள். ரெய்டு அமைப்பும், அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பும், அப்படித்தான். எத்தனை டிஸ்க், ரெய்டு 1 வேண்டுமா, 5 வேண்டுமா, 10 வேண்டுமா என்பதெல்லாம் முதலிலேயே முடிவாக வேண்டும்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சில வருடங்களுக்கு முன் அங்கே பில்லிங் ஓடும் சர்வரில் மதர்போர்டு போய்விட்டது. வாரன்டி இருந்ததால் சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஒரு பையன் புது போர்டோடு வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். கழற்றி மாட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சுத்தமாகச் செய்தார். ஆன் செய்தால் பூட் ஆக டிஸ்க் இல்லை என்று வந்து நின்றது.

அன்று சாயங்காலம் தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்ப வேண்டும். பேக்கிங் லிஸ்ட் அந்த சர்வருக்குள் இருக்கிறது. மேனேஜர் வந்து வாசலில் நிற்கிறார், டெஸ்பாட்ச் ஆள் அவருக்குப் பின்னால் நிற்கிறார். அந்த சர்வரில் ரெய்டு கன்ட்ரோலர் போர்டிலேயே இருந்தது. பழைய டிஸ்க்குகளைப் புது கன்ட்ரோலர் பார்த்ததும், வேறு இடத்தில் அமைத்த ரெய்டு என்று கண்டுகொண்டு, ஃபாரின் கான்ஃபிகரேஷன் என்று காட்டியது. கீழே இரண்டே வாய்ப்பு. ஒன்று இம்போர்ட், இன்னொன்று கிளியர். பையன் அம்புக்குறியை கிளியர் மேல் கொண்டுபோய் வைத்தார்.

"தம்பி, கையை எடுங்க. என்ன பண்றீங்க?"

"இது பழைய கான்ஃபிகரேஷன் சார். கிளியர் பண்ணிட்டு புதுசா ரெய்டு கிரியேட் பண்ணிக்கலாம்."

"அதுக்குள்ளதான் தம்பி கம்பெனியோட கணக்கு பூராவும் இருக்குது."

விஷயம் இதுதான். ரெய்டு எப்படி அமைந்திருக்கிறது என்ற தகவலை கன்ட்ரோலர் டிஸ்க்குகளிலும் எழுதி வைக்கிறது. எந்த டிஸ்க் முதலாவது, எது இரண்டாவது, என்ன ரெய்டு, எவ்வளவு அகல ஸ்ட்ரைப் என்பதெல்லாம் அதில் இருக்கும். போர்டு மாறினாலும் அதை வைத்து அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் இம்போர்ட் இருக்கிறது. கிளியர் கொடுத்தால் அந்தத் தகவல் அழிந்துவிடும். அதன்மேல் புதிதாக ரெய்டு உருவாக்கி இனிஷியலைஸும் செய்துவிட்டால் பேக்கப்பைத்தான் தேட வேண்டும். இம்போர்ட் கொடுக்கச் சொன்னேன். எல்லா டிஸ்க்கும் பச்சையாக வந்தது.

அப்போதும் பூட் ஆகவில்லை. டிஸ்க் எல்லாம் சரியாகத் தெரிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை. பையன் அவருடைய மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் போனிலேயே "ஓஎஸ் கரப்ட் ஆயிருக்கும், ரீஇன்ஸ்டால்தான் பண்ணணும்" என்றார். நான் ரேக் கதவைத் திறந்து உட்புறம் பிளாஸ்டிக் கவரில் ஒட்டியிருந்த தாள்களை எடுத்தேன். சர்வர் வந்த அன்றே செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, பிரின்ட் போட்டு வைத்திருந்தேன். பூட் மோட் பயாஸ் என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த விண்டோஸ் பழைய முறையில் போட்டது. புது போர்டு யூஇஎஃப்ஐ என்று வந்திருந்தது. மாற்றினேன், பூட் வரிசையில் ரெய்டு கன்ட்ரோலரை முதலில் வைத்தேன், கடிகாரத்தைச் சரிசெய்தேன், சேவ் செய்து வெளியே வந்தேன். விண்டோஸ் வந்தது. கன்டெய்னர் கிளம்பியது.

கடிகாரத்தைச் சும்மா சொல்லவில்லை. புது போர்டில் தேதி தவறாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் தவறான தேதியில் இன்வாய்ஸ் போயிருக்கும். டொமைனில், அதாவது எல்லாருடைய லாகினையும் சர்வரே சரிபார்க்கும் அமைப்பில், இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சர்வர் நேரத்துக்கும் அவற்றின் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகின் மறுக்கப்படும். செட்டப்பில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் வழக்கமாக யுடிசியாக (உலகப் பொது நேரமாக) எடுத்துக்கொள்ளும். ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் காரணம் இதுதான். அந்த போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலும் தேதி பின்னால் போகும், அதையும் கவனியுங்கள்.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இன்னொரு விஷயம். போர்டு மாறினால் அதன் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பும் பெரும்பாலும் மாறும், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது அதே சர்வருக்குள் சேமித்து வைத்திருந்தால் ஒரு பயனும் இல்லை. தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட ஓஎஸை மட்டும் எழ விடும் அமைப்பு) மாற்றுவது, பயாஸ் அப்டேட் போடுவது எதுவானாலும் முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான்.

மாற்றச் சொல்வது எது என்றால், கரன்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற வரி. ஏசி பவர் ரெகவரி, அல்லது அதைப் போல ஒரு பெயரில் இருக்கும். ஆஃப், ஆன், லாஸ்ட் என்று மூன்று இருக்கும். நம் ஊரில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க கரன்ட் இருக்காது, யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. ஆஃபில் இருந்தால் கரன்ட் வந்த பிறகும் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும்வரை சர்வர் தூங்கும். லாஸ்ட் வைத்தால், ஓடிக்கொண்டிருந்தது தானாக எழும், நீங்களே அணைத்து வைத்தது அணைந்தே இருக்கும். பல சர்வர்கள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக எழ சில விநாடி தாமதம் கொடுங்கள்.

கரன்ட் பற்றிப் பேசும்போது, ரெய்டு கன்ட்ரோலரில் ரைட் பேக் என்று ஒரு கேஷ் முறை உண்டு. டிஸ்க்குக்குப் போகும் முன் தரவை கன்ட்ரோலர் தன் மெமரியில் வைத்துக்கொள்ளும், அதனால் எழுதுவது வேகமாகும். கன்ட்ரோலரில் பேட்டரி இருந்தால் மட்டும் வையுங்கள். பேட்டரி இல்லாமல் ஃபோர்ஸ் ரைட் பேக் வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். கரன்ட் போன நொடியில் கேஷில் இருந்தது போய்விடும்.

சிஸ்டம் புரொஃபைல், சி-ஸ்டேட் (வேலை இல்லாதபோது சிபியு தூங்கும் நிலை), டர்போ (சிபியு வேகத்தைக் கூட்டுவது) என்றெல்லாம் வரும். இருபது பேர் டேலி ஓட்டும் சர்வருக்கு அதில் என்ன வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பிசியான டேட்டாபேஸ் என்றால் பெர்ஃபார்மன்ஸ் வைக்கலாம், மின்சாரமும் சூடும் கூடும். செட்டப்பில் சி-ஸ்டேட்டை அணைத்தாலும் சில லினக்ஸ் கெர்னல்களில் இன்டெல் ஐடில் டிரைவர் தன் போக்கில் அவற்றைப் பயன்படுத்தும், அதைக் கெர்னல் பாராமீட்டரில்தான் நிறுத்த வேண்டும். விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவீர்கள் என்றால் விர்ச்சுவலைசேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். நோட் இன்டர்லீவிங், எஸ்ஆர்-ஐஓவி இரண்டும் எதற்கு என்று தெரியும்வரை இருந்தபடியே இருக்கட்டும்.

செட்டப் பாஸ்வேர்டு போடுவதென்றால் எழுதி வையுங்கள். மறந்தால் மூடியைத் திறந்து போர்டில் ஜம்பர் மாற்ற வேண்டிவரும்.

ரிமோட் மேனேஜ்மென்ட் போர்ட்டையும் இன்றைக்கே அமையுங்கள். டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ. வீட்டிலிருந்தே செட்டப் திரையைப் பார்க்கலாம். அதற்கான லைசென்ஸை கொட்டேஷனில் முதலில் வெட்டுவது நம் பர்ச்சேஸ் ஆட்கள் வழக்கம், விடாதீர்கள். தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அந்தப் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறக்கவே கூடாது.

இதைப் படித்துவிட்டு "இந்தக் காலத்தில் யார் போனில் படம் எடுக்கிறார்கள், நெட்வொர்க் வழியே சர்வரை நிர்வகிக்க ரெட்ஃபிஷ் இருக்கிறது, சர்வர் கான்ஃபிகரேஷன் புரொஃபைலை ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாமே" என்று சிலர் வருவார்கள். தெரியும், நானும் எடுத்து வைக்கிறேன். நூறு சர்வர் இருந்தால் அதுதான் ஒரே வழி. கேட்டவரிடம் இருப்பது ஒரு சர்வர். ரேக் கதவில் இருக்கும் தாளைப் பார்க்க நெட்வொர்க் வேண்டாம், லாகின் வேண்டாம். சில மாடல்களில் முன்பக்கப் பேனலிலேயே அமைப்புகளின் நகல் இருந்து, போர்டு மாற்றினால் திரும்ப வந்துவிடும் என்பதும் உண்மை. எல்லா மாடலிலும் கிடையாது, எங்கள் சர்வரில் இல்லை. அந்தப் பையன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தத் திரையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். பில்லிங் ஓடியதும் மேனேஜர் சர்வீஸ் கம்பெனிக்கு நன்றி சொல்லி மெயில் போட்டார், எனக்கு சிசி கூட இல்லை. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவன். அதனால் ஏட்டில் இன்றைக்கும் டெக்னீஷியன்தான். பி.இ. முடித்து வந்த பிள்ளைகள் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இரண்டு வருடத்தில் சீனியர் இன்ஜினியர் ஆகிறார்கள், நல்ல பிள்ளைகள், அவர்கள் மேல் குறை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றால் போன் வருவது எனக்கு. சம்பள கிரேடு பேசும்போது மட்டும் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இந்தத் தளத்தைப் படிக்கிறார்கள். சேரும்போதே பதவிப் பெயரையும் உயர்வு முறையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் என்ன மாடல் வாங்கியிருக்கிறீர்கள், எத்தனை டிஸ்க், என்ன ஓஎஸ் போடப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எந்த மெனுவில் எது இருக்கிறது என்று சொல்கிறேன். அதுவரை ரெய்டு பக்கத்தில் மட்டும் எதையும் அழுத்திவிடாதீர்கள்.