கொல்லைப்புறத்துக்கு வேலி: எந்தக் காலத்தில் போடலாம்?

கேள்வி: வீட்டின் பின்புறம் சுமார் 30 மீட்டர் நீளத்துக்குக் கம்பி வலை வேலி போட நினைக்கிறோம். விலை சொன்னவர்களில் ஒருவர், "இப்போது மழைக்காலம், வேலை குறைவு. இந்த மாதமே கொடுத்தால் கூலியில் தள்ளுபடி தருகிறேன். மழை விட்ட பிறகு இந்த விலைக்கு வராது" என்கிறார். தள்ளுபடிக்காக இப்போதே போட்டுவிடலாமா, காத்திருக்கலாமா?

பதில்: காத்திருங்கள். தள்ளுபடியையும் விட வேண்டாம், அதற்கு வழி இருக்கிறது. முதலில் ஏன் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

வேலி கெட்டுப்போவது பெரும்பாலும் தூணில்தான் தொடங்கும். நனைந்த மண்ணில் குழி தோண்டுவது சுலபம், கடப்பாரைக்கு அதிக வேலை இருக்காது. ஆனால் அந்தக் குழியின் பக்கங்கள் சரியும், அடியில் தண்ணீர் ஊறும். தேங்கிய தண்ணீரிலேயே கான்கிரீட்டைக் கொட்டினால் கலவை நீர்த்துப்போகும், இறுகிய பிறகும் பலம் குறைவாகத்தான் இருக்கும். உங்களுடையது களிமண் என்றால் இன்னும் சிக்கல். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பிய மண்ணில் நட்ட தூணைச் சுற்றி, வெயில் ஏறியதும் இடைவெளி விழுந்துவிடும்.

இது நான் பட்ட பாடு. எங்கள் பின்கேட்டின் தூணை ஒரு மழை நாளில்தான் நட்டார்கள். குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வாளியால் இறைத்துவிட்டு, மறுபடி ஊறுவதற்குள் கலவையைக் கொட்டினார்கள். அடுத்த கோடையில் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. கேட்டைத் திறக்கும்போதெல்லாம் தூணும் கூடவே ஆடியது. அதைப் பிடுங்கி மறுபடி நட்ட செலவு, முதலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம்.

அப்படியென்றால் கொளுத்தும் கோடையில் போடலாமா? அதுவும் வேண்டாம். மண் கல்லாக இறுகியிருக்கும். இரண்டடி தோண்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை அடியோடு நிறுத்தத் தோன்றும், மூடிய பிறகு அது யார் கண்ணிலும் படாது. கான்கிரீட்டில் உள்ள தண்ணீரும் வெயிலில் சீக்கிரம் ஆவியாகிவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் வேண்டும், வெறுமனே காய்ந்தால் வெடிப்புதான் வரும். கோடையில்தான் செய்ய முடியும் என்றால் மாலையில் கான்கிரீட் போட்டு, மேலே ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள்.

பனி உறையும் ஊர் என்றால் கணக்கு வேறு. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கான்கிரீட் இறுகுவது மிகவும் மந்தமாகிவிடும். இறுகும் முன்பே உறைந்தால் அந்தக் கலவை பாழ். மண் உறையும்போது மேலே தள்ளும் என்பதால், உறையும் ஆழத்துக்கும் கீழே குழி போக வேண்டும். அங்கே இலையுதிர் காலத்தின் தொடக்கம் நல்லது.

ஆக, மழை முடிந்து, மண்ணில் ஈரம் இருந்தும் தண்ணீர் நிற்காத சில வாரங்கள்தான் சரியான காலம். அது எந்தத் தேதியில் வரும் என்று நாட்காட்டி சொல்லாது. கொல்லையின் தாழ்வான மூலையில் ஒரு குழியை முழு ஆழத்துக்குத் தோண்டுங்கள். குழந்தைகள் விழாதபடி பலகையால் மூடி, காலையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். சேறாக விரலிடுக்கில் வழிந்தால் நாள் ஆகவில்லை. உருண்டையாகப் பிடித்து, தட்டினால் உடைந்தால் ஆட்களைக் கூப்பிடலாம். தூளாக உதிர்ந்தால் முந்தின நாளே தோண்டும் இடங்களில் தண்ணீர் விட்டு வையுங்கள்.

சரி, தள்ளுபடிக்கு வருவோம். இப்போதே பதிவு செய்கிறேன், சிறு முன்பணம் தருகிறேன், இதே கூலிக்கு மழை விட்டதும் செய்து கொடுங்கள் என்று கேளுங்கள். வேலை குறைவான நாளில் கையில் ஒரு வேலை உறுதியாவது அவருக்கும் லாபம்தான், பலர் ஒப்புக்கொள்வார்கள். கம்பியின் விலை எதுவரை மாறாது, கம்பி எத்தனை மில்லிமீட்டர் தடிமன், குழி எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். ஆறடி உயர வேலிக்கு எட்டடித் தூண், இரண்டடி மண்ணுக்குள். பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்: தூண்கள் நின்றதும் ஒரு பங்கு, வலை இழுத்துக் கட்டியதும் மீதி. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். கான்கிரீட் முழு பலம் பெறச் சுமார் 28 நாள் ஆகும் என்று கணக்கு வைப்பார்கள். மறுநாளே வலையை இழுத்தால் மூலைத்தூண் உள்பக்கமாகச் சாயும். ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறேன் என்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மரப்பலகை வேலி போட்டிருக்கிறோம். மழை வருவதற்குள் சாயம் அடித்துவிட வேண்டுமா?

பதில்: பலகை காய்ந்திருந்தால் அடிக்கலாம். சந்தேகமாக இருந்தால் பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் சாயமும் உள்ளே இறங்காது, சில வாரம் பொறுங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் அடிக்கலாம். பலகை தண்ணீரை அதிகம் குடிப்பது அறுத்த முனையில்தான், அங்கே இரண்டு பூச்சு கொடுங்கள். பலகையின் அடிப்பக்கம் மண்ணில் படாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும்.

கேள்வி: செடிகளை வைத்து உயிர்வேலி போட எந்தக் காலம் நல்லது?

பதில்: தூணுக்குச் சொன்னதற்கு நேர் எதிர். மழை தொடங்கும்போதே நட்டுவிடுங்கள், வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். அப்புறம் முதல் கோடையில் மட்டும் தண்ணீர் விட மறக்காதீர்கள்.