மதிலோர மூங்கில்: ஆசிட் வேண்டாம், முதலில் ஒரு குழி தோண்டுங்கள்

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்புறம் மறைப்புக்காக மதிலை ஒட்டி மஞ்சள் மூங்கில் நட்டோம். ஐந்தே வருடத்தில் புதராகிவிட்டது. மழை பெய்தால் பக்கத்து வீட்டுக்குள்ளும் குருத்து கிளம்புகிறது, அவர்களோடு மனஸ்தாபம். வெட்ட வெட்ட வருகிறது. ஆசிட் அல்லது கல்லுப்புக் கரைசல் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். அதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது எந்த மூங்கில் என்று தெரிய வேண்டும். ‘மஞ்சள் மூங்கில்’ என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான செடிகள் நர்சரிகளில் கிடைக்கின்றன. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது தூர் கட்டி வளர்வது. கழி நல்ல தடிமனாக, மஞ்சளில் பச்சைக் கோடுகள் ஓடியிருக்கும். கணுவில் கிளைகள் கொத்தாக வரும். ஜவ்வாது மலையில் பார்க்கும் முள் மூங்கிலும் கல் மூங்கிலும் இந்தக் குணம்தான். இரண்டாவது சீனத்திலிருந்து வந்த ஓடும் வகை. கழி ஒல்லி. அடிப்பகுதியில் கணுக்கள் நெருக்கமாக, சில இடங்களில் கோணல்மாணலாக இருக்கும். ஒரு கணுவில் பெரும்பாலும் இரண்டே கிளை. கிளைக்கு மேலே கழியை விரலால் தடவினால் நீளவாக்கில் ஒரு பள்ளம் தட்டுப்படும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தூரிலிருந்து இரண்டடி தள்ளிக் கடப்பாரையால் ஒரு அடி ஆழம் தோண்டுங்கள். குட்டையாகத் தடித்து, கொக்கி போல மேல்நோக்கி வளைந்த கிழங்கு கிடைத்தால் தூர் வகை. விரல் தடிமனில் கணுக்கணுவாக நீண்டு ஓடும் தண்டு கிடைத்தால் ஓடும் வகை. அந்தத் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேரும் மொட்டும் இருக்கும். துண்டு துண்டாக நறுக்கிவிட்டால் ஒழியாது, மொட்டுள்ள துண்டெல்லாம் தனிச்செடி ஆகலாம்.

வேலூர் வெயிலில் நன்றாகச் செழிப்பது முதல் வகைதான், அதனால் உங்களுடையதும் அதுவாகவே இருக்கலாம். பக்கத்து வீட்டில் மதிலை ஒட்டி ஓரிரண்டு அடிக்குள் குருத்து வந்தால் தூர் பருத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். பத்தடி தள்ளி, கிணற்றடியிலோ செப்டிக் டேங்க் ஓரத்திலோ வந்தால் அது ஓடும் வகை.

எந்த வகையானாலும் மூங்கிலின் உயிர் மண்ணுக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்தில் இருக்கிறது. அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் மழைக்காலத்தில் குருத்து விடுகிறது. இலை விரிந்த பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. வெட்ட வெட்ட வருவதற்குக் காரணம் நேரம் தப்பி வெட்டுவதுதான். முதலில் கழிகளை எல்லாம் தரையோடு அறுத்துவிடுங்கள். தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் அந்தப் பக்கம் போகிறதா என்றும் பாருங்கள், பல வீடுகளில் மூங்கிலை வளர்ப்பதே அதுதான். அப்புறம் மழைக்குக் கிளம்பும் குருத்தை இலை விரிய விடாமல் ஒடித்துக்கொண்டே இருங்கள். இளசாக இருக்கும்போது காலால் தட்டினாலே முறியும். இரண்டு மூன்று மழைக்காலம் விடாமல் செய்தால் தூர் பட்டுப்போகும். பொறுமை இல்லாதவர்கள் ஆள் வைத்துக் கிழங்கைத் தோண்டி எடுக்கலாம், பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். ஆனால் மதிலை ஒட்டி ஜேசிபி விடாதீர்கள். நல்ல கான்கிரீட்டை மூங்கில் துளைக்காது, ஏற்கெனவே உள்ள விரிசலில்தான் புகும். அஸ்திவாரத்தை ஆட்டிவிட்டால் மதிலே போய்விடும். தூருக்குள் பாம்பு, எலி தங்கும். கம்பால் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டுக் கை வையுங்கள்.

ஓடும் வகை என்றால் எல்லையில் தடுப்பும் வேண்டும். இரண்டரை அடி ஆழம் பள்ளம் எடுத்து, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக்) ஷீட்டை மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரியும்படி இறக்குங்கள். ஷீட்டின் மேல்விளிம்பு மூங்கிலை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் தண்டு கீழே போகாமல் மேலேறும், பார்த்து வெட்டிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியோடு அவர்கள் பக்கமும் ஒரே நாளில் தோண்டுவது நல்லது. பாதி வேரை அங்கே விட்டுவிட்டால் இங்கே செய்தது வீண்.

ஆசிட் மண்ணையும் மதில் சிமெண்டையும் அரிக்கும், கிழங்கு அடியில் பிழைத்துக்கொள்ளும். உப்பு, மூங்கில் செத்தாலும் சாகாவிட்டாலும், அந்த மண்ணில் வேறு எதையும் வளரவிடாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பட்ட பாடு நமக்குத் தெரியாததல்ல, நம் கையாலும் கிணற்றில் உப்பேற்ற வேண்டுமா? கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வேலை செய்யும், உண்மை. வெட்டிய உடனே அடிக்கட்டையில் தடவினால் கிழங்குவரை இறங்கும். ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். கடையில் வாங்கி நீங்களே ஊற்றுவது சரியல்ல. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மின்கம்பியைத் தொடும் கழிகளை நீங்கள் வெட்ட வேண்டாம், மின்வாரியத்தில் சொல்லிவிடுங்கள். வெட்டிய பச்சைக் கழியை அவரைப் பந்தலுக்குக் கால் ஊன்றவும் கூடாது, தூர் வகை மஞ்சள் மூங்கில் கணுவிலேயே வேர் விடும். நன்றாகக் காய்ந்த பிறகு பயன்படுத்துங்கள். தோண்டிய கிழங்கை எருக்குழியிலோ கால்வாயிலோ போடாமல் வெயிலில் பரப்பிச் சுக்காகக் காயவிடுங்கள்.