வாசகர் கேள்வி: கேம்பர் டிரெய்லரின் சுவருக்குள் பாலித்தீன் வேண்டுமா?

கேள்வி: ஜோகூரின் கூலாயில் என் மைத்துனர் வீட்டு முற்றத்தில், நாங்கள் இருவரும் சேர்ந்து, காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கக்கூடிய எட்டடி நீளக் கேம்பர் டிரெய்லர் ஒன்றைக் கட்டி வருகிறோம். பிளைவுட் சுவர் எழுந்துவிட்டது. வெளியே அலுமினியத் தகடு போர்த்துவதாக எண்ணம். உள்ளே எந்த வெப்பத் தடுப்பை வைப்பது, மூட்டுகளை எதனால் அடைப்பது? உள்பலகைக்குப் பின்னால் பாலித்தீன் தாள் ஒட்டியே ஆக வேண்டும் என்று ஐரோப்பியக் காணொளி ஒன்றில் பார்த்தோம். சிறிய ஏர்கான் பொருத்தி, ஜோகூர்க் கடற்கரையிலும் கேமரன் மலையிலும் தங்க விரும்புகிறோம்.
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: முதலில் அந்தப் பாலித்தீனைச் சுருட்டி வைத்துவிடுங்கள். குளிர்நாட்டில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. ஆகவே அவர்கள் உள்பக்கத்தை அடைக்கிறார்கள். நம் பக்கத்தில் காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலையே 24 பாகையை ஒட்டி இருப்பதால், ஏர்கானை 20-இல் வைத்து உறங்கும் இரவில், வெளிக்காற்று கசிந்து வந்து, குளிர்ந்த பாலித்தீனின் பின்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து, அங்கேயே சிறைப்பட்டு, சில மாதங்களில் பலகையைக் கறுக்க வைத்துவிடும். அலுமினியத் தகடே நல்ல ஈரத்தடுப்பு என்பதால், அதன் மூட்டுகளை ஒழுங்காக அடைத்து உள்பக்கத்தை மூச்சுவிட விடுவதே உங்களுக்குப் பொருந்தும். கேமரன் மலையில் இரவுக் குளிரில் இருவர் விடும் மூச்சின் ஈரத்துக்கு, தாழ்வாக ஒன்றும் கூரையில் ஒன்றுமாக இரண்டு காற்றுத் துளைகள் போதும்.

வெப்பத் தடுப்புக்கு எக்ஸ்பிஎஸ் (XPS) எனப்படும் கெட்டியான பாலிஸ்டைரீன் போம் பலகையைப் பரிந்துரைப்பேன். அது தண்ணீரை உறிஞ்சுவதில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாகவே உறிஞ்சும். சுவருக்கு 25 மில்லிமீட்டரும், உச்சி வெயிலைத் தாங்கும் கூரைக்கு 40-ம் வையுங்கள். கூரையின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளைச் சாயம் பூசுங்கள். ராக்வூல் எனும் கல்நார்ப் பஞ்சு போன்ற பாறையிழைக் கம்பளி ஒருமுறை நனைந்தால் எளிதில் காயாது. வெள்ளித்தாள் ஒட்டிய பபிள் ஷீட்டை வாங்கி இரு பலகைகளுக்கு இடையே நசுக்கி வைப்பது வீண்செலவு. பளபளப்பான முகத்துக்கு முன்னால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். கரைப்பான் கலந்த பசை போமைக் கரைத்துவிடும் என்பதால் டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மின்கம்பி போமைத் தொட்டபடி கிடந்தால் நாளடைவில் அதன் பிவிசி பிளாஸ்டிக் உறை விறைத்து வெடிப்பு விடும். குழாய்க்குள் விட்டு இழுங்கள்.

இனி மூட்டுகள். இரவின் 25 பாகையிலிருந்து நண்பகலில் 65 வரை சூடேறும் எட்டடித் தகடு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதைச் சுற்றிலும் இறுக்கி அறைந்தால் நடுவில் உப்பும், ஓரத்தில் திருகாணி துளையைக் கிழிக்கும். ஆகவே ஓர் ஓரத்தை மட்டும் நிலையாக வைத்து, மற்ற ஓரங்களில் துளைகளை நீள்வட்டமாக வெட்டுங்கள். ஜன்னல் சட்டம், மூலைப் பட்டை ஆகியவற்றின் அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டுநாடா). வெளியே தெரியும் கோட்டில் பாலியூரிதேன் சீலன்ட் (மூட்டை அடைக்கும் பசை). குளியலறைச் சிலிகோன் சீலன்ட் வேண்டவே வேண்டாம். புளித்த வாடை வீசும் வகை உலோகத்தை அரிக்கும். எவ்வகையானாலும், ஒருமுறை பூசிய இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. பழைய கருவிக்கொட்டகை ஒன்றின் கூரையில் அதைப் பூசிவிட்டு, பிறகு பிளேடும் கையுமாக ஒரு சனிக்கிழமை முழுவதும் சுரண்டியவன் நான். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் சீலன்டில் தோய்த்துப் போடுங்கள். பிளைவுட்டின் வெட்டுமுனைதான் அதிகம் தண்ணீர் குடிக்கும். தகடு போர்த்துமுன் அங்கே எப்பாக்சிப் பிசின் மூன்று கை பூசுங்கள்.

உள்பலகையை மூடுமுன் ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர, மற்றவர் குழாய்த் தண்ணீரைக் கீழ் மூட்டில் தொடங்கி மெதுவாக மேலே கொண்டு போகட்டும். மேலிருந்து தொடங்கினால், வழியும் நீர் எந்த மூட்டில் நுழைந்தது என்று தெரியாது.