ராயல் ரம்பிள்: கேளுங்க, சொல்றேன்

கே: அண்ணா, முதல் ரம்பிள் 1988ன்னு சிலர், 1989ன்னு சிலர். எது சரி?

ப: 1988தான் தம்பி. ரம்பிள் என்பது WWE மல்யுத்தக் கம்பெனி வருஷாவருஷம் நடத்துகிற போட்டி; ரிங்கின் மேல் கயிற்றைத் தாண்டி வெளியே தள்ளப்படாமல் கடைசியாக மிஞ்சுபவரே ஜெயிப்பார். ஜனவரி 24, கனடாவின் ஹாமில்டன். 20 பேர் இறங்கினார்கள், ஜெயித்தது ஜிம் டக்கன். ஆனால் அது பே-பர்-வியூ இல்லை, கேபிள் சேனலில் தனிக் காசு கட்டாமலே பார்க்கலாம். அதே ராத்திரி எதிர்க் கம்பெனிக்காரர் ஜிம் கிராக்கெட்டின் ‘பங்க்ஹவுஸ் ஸ்டாம்பீட்’ காசு கட்டிப் பார்க்கிற நிகழ்ச்சியாக ஓடியது. அந்தக் கூட்டத்தை இழுக்கத்தான் இப்படி. 1989இல் ஹூஸ்டனில் பே-பர்-வியூ ஆனது, ஆளும் 30 ஆனது.

கே: பேட்டில் ராயலும் இதுவும் ஒண்ணுதானே?

ப: ஒண்ணே இல்லை. பேட்டில் ராயலில் எல்லாரும் ஒரே நேரத்தில் ரிங்குக்குள்ளே. யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது. ரம்பிளை யோசித்த முன்னாள் வீரர் பேட் பாட்டர்சன் அதற்குள் ஒரு கடிகாரத்தை வைத்தார். முதலில் ரெண்டு பேர், பிறகு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர். சில வருஷம் ஒன்றரை நிமிஷம். பத்திலிருந்து அரங்கமே சேர்ந்து எண்ணும், பஸ்ஸர் அடிக்கும், பாட்டின் முதல் துண்டு கேட்டதும் மொத்தக் கூட்டமும் நுழைவாசல் பக்கம் திரும்பும். எனக்கு ரம்பிள் என்றால் அந்தப் பத்து வினாடிதான்.

கே: ஒரே ஒரு ரம்பிள்தான் பார்க்க நேரம் இருக்கு. எதைப் பார்க்கட்டும்?

ப: 1992, ஆல்பனி. யோசிக்கவே வேண்டாம். ஹோகன், அண்டர்டேக்கர் தகராறில் சாம்பியன் பட்டம் காலியாகி, ரம்பிளில் ஜெயிப்பவருக்கே பட்டம் என்றார்கள். ரிக் ஃபிளேர் 3ஆவது ஆளாக நுழைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். கமெண்டரியில் பாபி ஹீனனைக் கேளுங்கள். ஒவ்வொரு புது ஆள் வரும்போதும் ஃபிளேருக்காகத் துடிக்கிறார், அந்தத் தவிப்பு நமக்கும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில், சிட் ஜஸ்டிஸ் வெளியே தள்ளிய ஹோகன் கீழே நின்றபடி சிட்டின் கையைப் பிடித்து இழுக்க, பின்னாலிருந்து ஃபிளேர் சிட்டைத் தூக்கி வெளியே போட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு, இன்னும் அதைத் தாண்டிய ரம்பிள் வரவில்லை.

கே: 1995இல் ஷான் மைக்கேல்ஸ் ஏமாத்தித்தானே ஜெயிச்சார்?

ப: இல்லை ப்ரோ. டாப் ரோப்புக்கு மேலே போய் ரெண்டு காலும் தரையில் பட்டால்தான் அவுட். கயிற்றைப் பிடித்துத் தொங்கியவருக்குப் பட்டது ஒரே கால். பிரிட்டிஷ் புல்டாக் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கொண்டாடும்போது பின்னாலிருந்து வந்து தள்ளிவிட்டார். 1ஆம் நம்பரில் வந்து ஜெயித்த முதல் ஆள் அவர்.

கே: ஜெயிச்சவருக்கு ரெஸில்மேனியாங்கிற பெரிய வருஷாந்திர நிகழ்ச்சியில் சாம்பியன் பட்டத்துக்கு மோதுற வாய்ப்பு எப்போதிலிருந்து?

ப: 1993. முதலில் வாங்கியவர் யோகோசுனா.

கே: எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணினதுதானே சார்?

ப: யார் ஜெயிப்பது என்பது முடிவு செய்ததுதான். உடம்பு படும் பாடு நிஜம். 2005இல் கடைசியாக மிஞ்சிய பாட்டிஸ்டாவும் ஜான் சீனாவும் ஒன்றாகக் கீழே விழுந்ததில் யார் ஜெயித்தது என்று குழப்பம். கோபமாக ஓடிவந்து ரிங்குக்குள் நுழைந்த கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேனுக்கு ரெண்டு தொடைத் தசையும் கிழிந்துபோனது. எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்.

கே: பெண்களுக்கு எப்போ வந்தது?

ப: 2018, பிலடெல்ஃபியா. ஜெயித்தவர் அசுகா. அன்றைய நிகழ்ச்சியின் கடைசிப் போட்டியாக அதைத்தான் வைத்தார்கள். வைத்ததும் நியாயம். 1999இலேயே சைனா என்ற வீராங்கனை ஆண்கள் ரம்பிளில் இறங்கிவிட்டார்.

கே: நம்ம இந்திய வீரர் ‘தி கிரேட் காளி’ ஏதாவது செஞ்சாரா?

ப: 2007இல் ஏழு பேரைத் தூக்கி வீசினார்! அவரை அனுப்பியது 30ஆம் நம்பரில் வந்த அண்டர்டேக்கர். அந்த நம்பரில் வந்து முதன்முதலாக ஜெயித்தவரும் அவரே. காளி போன பிறகு டிவியை அணைத்துவிடாதீர்கள், அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மட்டும் மிஞ்சுகிற நிமிடங்கள் வரும்.